அது பொன்வண்டு இல்லை

எங்கள் அத்தானோடு பஸ்ஸில் போவதைவிட நடந்தே போய்விடலாம். சும்மா சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். மாத்தளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் காணி வரைபடம் கீறுகிற உத்தியோகம். ஒருநாள் அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் கலேவெலச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பஸ்ஸில் நெருக்கியடித்த சனம். உச்சி வெயில். போதாததற்கு முன் சீட்டில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டே வந்தது. அதன் அம்மா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் பையிலிருந்து மூடியில் ஓட்டை போட்ட ஒரு பவுடர் டின்னை எடுத்தாள். "இங்க பாருடா, பொன்வண்டு! எங்க பாப்பாவோட பொன்வண்டு!" என்று மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். குழந்தை கப்பென்று வாயை மூடியது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் நிம்மதி வந்தது.

அத்தான் எழும்பி நின்று எட்டிப் பார்த்தார். அக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருங்க, சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கேட்டால்தானே?

"தப்பா நினைக்காதீங்க. அது பொன்வண்டு இல்லீங்க" என்றார் அத்தான்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"பொன்வண்டு புதர்ல இருக்கிறது. முள்ளுச் செடியில பிடிப்பாங்க. இது வேற சாதி. இது மரத்துக்குள்ள வளர்றது. முதுகுல ரெண்டு மஞ்சள் பொட்டு இருக்கா? ஓரத்துல செம்பு நிறத்துல கோடு ஓடுதா? பொன்வண்டுக்கு அது கிடையாது. கொஞ்சம் தாங்க, காட்டுறேன்."

டின்னை வாங்கி மூடியை முழுசாகத் திறந்து ஜன்னல் பக்கம் பிடித்தார். வெயில் பட்டதுதான் தாமதம், வண்டு விர்ரென்று எழும்பி ஜன்னலால் வெளியே போய்விட்டது. குழந்தை அதன்பிறகு மாத்தளை வரும்வரைக்கும் வாயை மூடவில்லை. அந்த அம்மா அத்தானைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுத மாட்டேன். அக்கா கத்தரிக்காய்ப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அத்தானுக்கு ஒரு சொட்டு வெட்கம் வரவேண்டுமே! "வெயில் பட்டா அது பறக்கும். அதுக்கு நான் என்ன பண்றது? ஆனா பிள்ளைக்குப் பிழையான பேரைச் சொல்லிக் கொடுக்கிறது சரியில்லைதானே?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

இதுதான் எங்கள் அத்தான். அவர் சண்டைக்காரர் இல்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கந்தோரில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வை இன்னொருவருக்குக் கொடுத்தபோதுகூட ஒன்றும் கேட்காமல் வந்தவர். அரசியல் பேசினால் எல்லாருக்கும் தலையாட்டுவார். நாடு நாசமாய்ப் போகிறது என்று ஒருவர் சொன்னாலும் ஆம் என்பார், இல்லை என்று மற்றவர் சொன்னாலும் ஆம் என்பார். ஆனால் அந்த ஒரு வண்டைப் பற்றி மட்டும் யாராவது ஒரு சொல் பிழையாகச் சொல்லிவிட்டால் போதும், மனுஷன் விடமாட்டார். எதிரே நிற்பது யார், இடம் என்ன, நேரம் என்ன, ஒன்றும் பார்க்க மாட்டார். "அது பிழை" என்று தொடங்கிவிடுவார்.

வீட்டுப் பின்பக்கத்தில் கிணற்றை ஒட்டி ஒரு மாமரம் பட்டுப்போய் நின்றது. இலை, கொப்பு ஒன்றுமில்லை. காற்றடித்தால் எங்கே கூரையில் விழுமோ என்று அக்காவுக்கு உயிர் போகும். வெட்டச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்பார் அத்தான். ஆள் என்றால் புழு. கந்தோர் விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த மரத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலால் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வண்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே கிடையாது. காதில் விழுந்து விழுந்து ஏறிப்போனது. தாய் வண்டு பட்டுப்போன மரமாகப் பார்த்து, பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருகிற புழு வெள்ளை நிறம், தலைப்பக்கம் தட்டையாக அகன்றிருக்கும். அதற்குக் கால் கிடையாது. கால் இல்லாமலே மரத்தைத் தின்று தின்று வழி போட்டு வருஷக்கணக்காய் உள்ளே இருக்கும். மரம் காய்ந்து சத்துக் குறைந்தால் இன்னும் தாமதமாகும். பலகையாக அறுத்து அலுமாரி செய்த பிறகும், அந்த அலுமாரியிலிருந்து வண்டு வந்த கதை உண்டாம். அவ்வளவு காலம் இருட்டில் கிடந்துவிட்டு, ஒருநாள் நீள்வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வந்தால் சில வாரம்தான் ஆயுள். அந்தச் சில வாரமும் இலையைத் தின்னும், வெயிலில் பறக்கும். தொட்டால் காலையெல்லாம் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழும். பாருங்கள், எழுதும்போது நிறுத்த முடியாமல் வருகிறது. அவ்வளவு தூரம் என் உயிரை வாங்கியிருக்கிறார் மனுஷன்.

ஒரு தைப்பொங்கலன்று முற்றத்தில் அடுப்பு மூட்டி, பானை வைத்து, பால் ஊற்றியாயிற்று. எங்கள் பாட்டனார் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து மாத்தளையோடு தங்கிவிட்ட குடும்பம் நாங்கள். பேச்சே இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அங்கிருந்து சொந்தக்காரர் வந்தால் நாங்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த வருஷம் அத்தானின் பெரியம்மா வந்திருந்தார். பால் நுரை கட்டி மேலே வந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறோம். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா அடுப்பைக் காட்டி, "என்ன விறகு இது, கறையான் தின்ட விறகு?" என்று கேட்டுவிட்டார்.

"அது பிழை பெரியம்மா" என்றார் அத்தான்.

"ஐயோ, இப்ப வேணாம்" என்றாள் அக்கா.

அத்தான் குனிந்து, எரிந்துகொண்டிருந்த பெரிய கொள்ளியை அப்படியே அடுப்பிலிருந்து இழுத்தார். "கறையான் தின்னா மண் இருக்கும். இந்த ஓட்டையைப் பாருங்க, நீள்வட்டமா, ஓரம் எவ்வளவு சுத்தமா இருக்கு. இது அந்த வண்டு போன வழி" என்று பெரியம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தார். அடுப்பில் நெருப்பு அடங்கிவிட்டது. மேலே வந்த பால் அப்படியே கீழே போய்விட்டது. மறுபடி ஊதி மூட்டி, பால் பொங்கும்போது நல்ல நேரமும் முடிந்துவிட்டது. வருஷத் தொடக்கத்தில் இப்படி ஆயிற்றே என்று அக்கா அழுதாள். அத்தான் கொள்ளியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, ஓட்டையை விரலால் தடவிப் பார்த்து, "பெரியம்மாவுக்கு இப்ப விளங்கியிருக்கும்" என்றார்.

என் கல்யாணத்தையாவது விட்டுவைத்தாரா? என் மாமியாரின் அக்கா கொழும்பிலிருந்து வந்திருந்தார். பெரிய இடத்து மனுஷி. பரம்பரையாக வந்த ஒரு சேலையைக் கட்டியிருந்தார். கரை முழுக்கப் பச்சைப் பச்சையாய் மினுங்கியது. "மரகதக் கல் வச்சுத் தைச்சது. இப்ப யார்கிட்டயும் இல்ல" என்று பெண்களுக்கெல்லாம் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கமாக வந்த எங்கள் அத்தான் நின்றுவிட்டார். மணவறையில் இருந்து நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழும்பி ஓடிப்போய் வாயைப் பொத்தவும் முடியாது.

"மாமி, அது கல் இல்லீங்க. வண்டு" என்றார்.

"என்னது?"

"வண்டோட முதுகு மூடி. வெட்டித் தைச்சிருக்காங்க. இதுதான் பொன்வண்டு. மத்தது, மரத்துல இருக்கிறது, அதுல மஞ்சள் பொட்டு வரும். இதுல இல்லை பாருங்க."

மாமி போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அறைக்குள் ஓடிப்போய்ச் சேலையை உருவிப் போட்டுவிட்டு, யாரோ கொடுத்த ஒரு சாதாரணச் சேலையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். சாப்பிட வரவே இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அக்கா அத்தானைத் தள்ளிவிட்டாள். அவர் போய்க் கதவடியில் நின்றுகொண்டு, "மாமி, பயப்படாதீங்க. வண்டு செத்தாலும் அந்த நிறம் போகாது. அது சாயம் இல்ல, வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற விதம். உங்க பேத்திகூட உடுத்தலாம்" என்றாராம். இதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. எனக்குக் கல்யாணமாகி எத்தனை தீபாவளி வந்தாலும் மாமியார் வீட்டில் இந்தப் பேச்சு இல்லாமல் பலகாரம் பரிமாறியதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருந்தோம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளைத் தமிழ்க் கடைகள் எரிந்தபோது எங்களை எல்லாம் காப்பாற்றியவர் நானா. அலுவிகாரைக்குப் போகிற பாதையில் மரம் அறுத்துப் பலகை விற்கிற மரக்காலை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓடி வந்து, கையில் கிடைத்ததை எடுக்கக்கூட விடாமல் எங்களைக் கூட்டிப்போய், மரக்காலையின் பின்பக்கத்தில் பலகை அடுக்குகளுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார வைத்தார். பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. வெளியே சத்தம் கேட்கிறது. கூட்டம் தெருவோடு போகிறது. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்திருக்கிறாள். எங்களுக்குப் பக்கத்தில் கிடந்த மரத்துண்டுக்குள்ளிருந்து கரக் கரக் என்று ஒரு சத்தம். நான் பயந்து நடுங்குவதைப் பார்த்து, நானா எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. ஒண்டுமில்ல. மரத்துக்குள்ள பொன்வண்டுப் புழு" என்று காதுக்குள் சொன்னார்.

இருட்டுக்குள்ளிருந்து அத்தானின் குரல் மெதுவாக வந்தது. "பொன்வண்டு இல்ல நானா. அது பிழை."

"அல்லாவே! சேர், நான் செல்றத கேளுங்க. வாய மூடுங்க."

"மூடுறேன். ஆனா பொன்வண்டுப் புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னும் நானா. மரத்துக்குள்ள இருக்காது."

நானா தன் கையாலேயே அத்தானின் வாயைப் பொத்தினார். கூட்டம் கடந்து போகும்வரை கையை எடுக்கவில்லை. பிற்காலத்தில் யாரைக் கண்டாலும் நானா இந்தக் கதையைத்தான் சொல்வார். "தெருவில கொலகாரன் நிக்கிறான், இந்த மனிசன் எனக்கு வண்டுப் பாடம் எடுக்கிறார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பியபோது கண்ணாடி ஒன்று மிச்சமில்லை, அடுப்படியில் ஒரு பானை இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் நேராகப் பின்பக்கம் போய் மாமரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "மரத்துக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். அன்றைக்கு அக்கா அவரைக் கொன்றிருந்தால் நான் அவள் பக்கம்தான் சாட்சி சொல்லியிருப்பேன்.

ஊரில் பாதிப் பேர் கனடா, லண்டன் என்று போனார்கள். நாங்கள் போகவில்லை. யுத்தம் முற்றியது. தொண்ணூறுகளில் சந்திக்குச் சந்தி காவலரண், எங்கே போனாலும் அடையாள அட்டை. தமிழ் ஆட்கள் தேவையில்லாமல் ஒரு ஊருக்கும் போகாத காலம் அது. அந்தக் காலத்தில்தான் அத்தானுக்கு லக்கல பைத்தியம் பிடித்தது. அந்தக் காட்டுப் பக்கத்தில் சேனை என்று காட்டைச் சுட்டுப் பயிரிடுகிற இடங்களில் மரங்கள் பட்டுப்போய் நிற்கும், அந்த மரங்களில் வண்டு நிறைய இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமையானால் ஒரு டின், ஒரு குடை, சாப்பிடப் பாண் துண்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"யானை மிதிச்சாலும் பரவாயில்ல, ஆமிக்காரன் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"என்னை எதுக்குப் பிடிக்கிறாங்க? நான் வண்டுதானே பார்க்கிறேன்" என்றார்.

பிடித்தார்கள். நடந்ததை அந்தப் பக்கம் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் வந்து சொன்னார். அவர் சிங்களவர், நல்ல மனுஷன், அத்தானை அடிக்கடி ஏற்றி இறக்கிப் பழக்கம். காவலரணில் எல்லாரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு சின்ன வயது ராணுவக்காரன் அத்தானின் டின்னைத் திறந்து பார்த்து, சிரித்துவிட்டு, அட்டையையும் டின்னையும் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். "சரி மாத்தயா, உங்க குருமினியாவைத் தூக்கிட்டுப் போங்க" என்று சிங்களத்தில் சொன்னானாம். மாத்தயா என்றால் ஐயா, குருமினியா என்றால் தென்னையைத் துளைக்கிற கறுப்பு வண்டு.

கண்டக்டர் இந்த இடத்துக்கு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மிச்சத்தை அவர் சொல்லவே தேவையில்லை.

அத்தான் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். டிரைவர் என்ஜினை முறுக்கிவிட்டார். அப்போது திரும்பிப் போய், "மாத்தயா, இது குருமினியா இல்லை. அது பிழை" என்று தொடங்கியிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறான். இவர் போகவில்லை. இது தென்னைக்குப் போகாது, பட்ட மரத்துக்குத்தான் போகும், வேண்டுமென்றால் பார் என்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்திருக்கிறார். லக்கல காட்டுப் பக்கம் முழுவதையும், பாதை, ஆறு, பாலம், மேடு எல்லாம் அளவு பிசகாமல் கீறி, பட்ட மரம் நிற்கிற ஒவ்வொரு இடத்துக்கும் சிவப்பில் புள்ளி வைத்த படம். அவருடைய உத்தியோகம் அதுதானே! யுத்த காலத்தில் ஒரு தமிழர் அப்படி ஒரு படத்தைக் காவலரணில் தானே எடுத்து விரித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். பஸ்ஸை மட்டும் போகச் சொல்லிவிட்டார்கள்.

அத்தானைத் தேடி நானாவின் வேனில் அக்காவும் நானும் ஏறாத இறங்காத இடமில்லை. ஒரு இடத்தில் அப்படி ஆளே இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அந்தக் காலத்தில் ஆளே இல்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா சாப்பாட்டை விட்டாள். நான் வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா அந்த மனுஷனுக்கு? குருமினியான்னா இருந்துட்டுப் போகட்டுமே! இவருக்கு என்ன நட்டம்?" திட்டாமல் இருந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நானா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "ஏசுங்க தங்கச்சி, நல்லா ஏசுங்க. ஆள் வந்தா நானும் ஏசுறன்" என்றார்.

நாள் வாரமாகி, வாரம் மாதமான பிறகு ஒரு முகாமில் ஆள் இருப்பதாகத் தெரிந்தது. அங்கே ஒரு பெரிய அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். மேசையில் அத்தானின் டின்னும் அந்தப் படமும் இருந்தன. டின்னுக்குள் வண்டு செத்துக் கிடந்தது. பச்சை நிறம் அப்படியே மினுங்கியது. அக்கா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் புள்ளிகள் என்ன, எதை எங்கே புதைத்து வைத்திருக்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, பட்டை வெடிப்பு, புழு, வருஷக்கணக்கு, ஓட்டையின் வடிவம், இலை, வெயில், செத்ததுபோல் விழுவது, மஞ்சள் பொட்டு. இந்த வண்டு செத்து இத்தனை நாளாகியும் ஏன் நிறம் மாறவில்லை என்று அவர் குறுக்கே கேட்டார். சாயம் இருந்தால்தானே மங்கும், இது வெளிச்சம் தெறிக்கிற விதம் என்று அதற்கும் சொன்னேன். அவர் டின்னை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்கிறவள் புழுவுக்குத் தலை தட்டை என்பதுவரை சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அத்தானைக் கூட்டிவரச் சொன்னார்.

அத்தான் வாசலில் வந்து நின்றார். மெலிந்துபோயிருந்தார். நான் பதற்றத்தில் பேச்சை நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தேன். "அந்தப் புழு தன்னோட கால்களால மரத்தைத் தோண்டித் தோண்டி..." என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். புழுவுக்கு ஏது கால்? போச்சு, இந்த மனுஷன் இப்போது வாயைத் திறப்பார், எல்லாம் கெட்டது என்று அக்காவைப் பார்த்தேன்.

"இவங்க சொல்றது சரியா?" என்று அதிகாரி அத்தானைக் கேட்டார்.

அத்தான் தரையைப் பார்த்தார். "ஹரி, மாத்தயா" என்றார். சரி, ஐயா என்று அர்த்தம்.

அப்பாடா, கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். கடவுளே, எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! எதிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வேனில் அக்கா அவருடைய கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் நானாவும் மாறி மாறி ஏசினோம். இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது, லக்கல பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று ஏசினோம். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி என்றார்.

அதன்பிறகு அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அதுதான் தாங்க முடியவில்லை. மாமரத்தை வெட்டவா என்று அக்கா சும்மா கேட்டுப் பார்த்தாள். "வெட்டலாம்" என்றார். அக்கா வெட்டவில்லை. அவளே காலையும் மாலையும் மரத்தடியில் போய் நின்றுவிட்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே அவருக்குக் கேட்கும்படியாக, "அந்த வண்டுக்கு எட்டுக் கால்தானே அக்கா?" என்றேன். அவர் பேப்பரைப் புரட்டினார். இன்னொரு நாள், அது மரம் தின்னி வண்டு, இலையைத் தொடவே தொடாது என்றேன். கேட்டுக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தார். எத்தனையோ வருஷமாக எந்த வாயை மூடச் சொல்லிக் கெஞ்சினோமோ, அதைத் திறக்க வைக்க நான் படாத பாடு பட்டேன். உள்ளே வைத்து என்ன செய்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா வந்தார். மரக்காலையில் ஒரு மரத்தை அறுக்கும்போது வெளியே வந்ததாம், டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உயிரோடு இருந்தது. நல்ல பெரியது. அதை அத்தானின் முன்னால் மேசையில் வைத்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமாக, "சேர், உங்களுக்கு ஒரு பொன்வண்டு கொணந்திருக்கன்" என்றார்.

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அத்தான் டின்னுக்குள் பார்த்தார். வண்டு விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் இரண்டு மஞ்சள் பொட்டும் தெளிவாகத் தெரிந்தன.

"அழகா இருக்கு நானா" என்றார்.

"பொன்வண்டுதானே சேர்?" என்று நானா மறுபடி கேட்டார்.

"ஆமா நானா. பொன்வண்டுதான்."

நானா கதிரையிலிருந்து எழும்பி, வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது.

"அது பொன்வண்டு இல்லை!" என்று கத்தினேன். "பொன்வண்டு புதர்ல இருக்கிறது! இது மரத்துக்குள்ள வளர்றது! மஞ்சள் பொட்டு இருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு? எத்தனை பேர் மானத்தை வாங்கினீங்க இதைச் சொல்லிச் சொல்லி? இப்ப சொல்லுங்க! நானா சொன்னது பிழைன்னு சொல்லுங்க அத்தான்! ஒரு தடவை சொல்லுங்க!"

அத்தான் டின்னின் மூடியை எடுத்து மெல்ல மூடினார். எழும்பிப் போய் ஜன்னலால் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மெதுவாப் பேசு தங்கச்சி," என்றார். "ரோட்டுல ஆள் போகுது."